கார்பனைப் பிடித்துப் புதைப்பதா, எரிப்பதையே நிறுத்துவதா? காலநிலை மாநாடுகளில் தொடரும் சொற்போர்

2023 டிசம்பர் 13. துபாய் எக்ஸ்போ நகரம். ஐ.நா.வின் 28ஆவது காலநிலை மாநாடு முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். இரவெல்லாம் பேச்சுவார்த்தை நீண்டதால் காலையில்தான் நிறைவு அமர்வு கூடியது. கூடிய சில நிமிடங்களிலேயே மாநாட்டுத் தலைவர் சுல்தான் அல் ஜாபிர் சுத்தியலைத் தட்டி, தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

சிறிது நேரத்தில் சமோவா நாட்டின் பிரதிநிதி ஆன் ராஸ்முசென் பேசினார். 39 சிறு தீவு நாடுகளின் கூட்டமைப்பு சார்பில் பேசிய அவர், சுத்தியல் தட்டப்பட்டபோது தாங்கள் அரங்கிலேயே இல்லை என்றார். தேவையான திருத்தம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அவருக்கும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒரே தீர்மானத்தை ஒரு தரப்பு வரலாற்றுச் சாதனை என்றது. இன்னொரு தரப்பு ஓட்டைகள் நிறைந்தது என்றது. இரண்டுக்கும் காரணம் அந்தத் தீர்மானத்தில் உள்ள சில சொற்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை உலகம் கைவிட வேண்டுமா, அல்லது அவற்றை எரித்துக்கொண்டே அதிலிருந்து வரும் கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைத்துவிட்டால் போதுமா என்பதே அந்தச் சொற்களுக்குப் பின்னால் உள்ள கேள்வி.

வளைகுடா வருமானத்தில் வாழும் குடும்பங்களும் கடலோரத்தில் வாழும் குடும்பங்களும் நம்மிடையே நிறைய உண்டு. எனவே இந்த விவாதத்தை அடிப்படையிலிருந்து தெரிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது.

பெயர் சொல்லப்படாத குற்றவாளி

1992ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் உலக நாடுகள் காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்த உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் 1995 முதல் ஆண்டுதோறும் கூடிப் பேசுகின்றன. 1997இல் கியோட்டோ உடன்பாடு வந்தது. 2015இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தது. புவியின் சராசரி வெப்ப உயர்வை 2 டிகிரி செல்சியசுக்கு மிகவும் கீழே வைத்திருப்பது, 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வது என்று பாரிஸில் இலக்கு வகுத்தார்கள்.

ஆனால் ஒரு வியப்பான உண்மை: பாரிஸ் ஒப்பந்தத்தில் நிலக்கரி என்ற சொல் இல்லை, எண்ணெய் என்ற சொல் இல்லை, புதைபடிவ எரிபொருள் என்ற சொல்லும் இல்லை. வெளியேறும் வாயுவைக் குறைப்பது பற்றி மட்டுமே அது பேசுகிறது. அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று அது சொல்வதில்லை. மனிதர்களால் வெளியேறும் கரியமில வாயுவின் பெரும்பகுதி இந்த மூன்று எரிபொருள்களை எரிப்பதால்தான் வருகிறது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் செய்தி.

இதற்கு மாநாட்டின் நடைமுறையும் ஒரு காரணம். இங்கு வாக்கெடுப்பு கிடையாது. வாக்கெடுப்பு குறித்த விதியை நாடுகள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. எனவே எல்லா முடிவும் கருத்தொற்றுமையின் மூலமே எடுக்கப்படுகிறது. 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சில நாடுகள் உறுதியாக மறுத்தாலே ஒரு வரி நீங்கிவிடும். எண்ணெய் விற்று வாழும் நாடும் கடலில் மூழ்கும் நாடும் ஒரே தாளுக்குச் சம்மதிக்க வேண்டும். அதனால்தான் சொற்களைச் சுற்றி இத்தனை போராட்டம்.

கார்பன் பிடிப்பு எப்படி நடக்கிறது?

அனல் மின்நிலையத்தின் புகைபோக்கியை எடுத்துக்கொள்வோம். அதில் வெளியேறும் புகையில் கரியமில வாயு ஏறத்தாழ 12 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். இந்தப் புகையை அமைன் எனப்படும் வேதிக்கரைசல் வழியாகச் செலுத்தினால் கரைசல் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே பிரிந்துவிடும். கரைசலை மீண்டும் பயன்படுத்தலாம்.

பிரிந்த வாயுவை அழுத்தி, குழாய் வழியாகவோ கப்பல் வழியாகவோ கொண்டுசென்று, பெரும்பாலும் 800 மீட்டருக்கும் கீழே உள்ள பாறை அடுக்குகளில் செலுத்துகிறார்கள். அந்த ஆழத்து அழுத்தத்தில் வாயு ஏறத்தாழ திரவம் போல அடர்ந்துவிடும். அதற்கு மேலே நீரும் வாயுவும் புகாத பாறை மூடி ஒன்று இருக்க வேண்டும். உப்புநீர் நிறைந்த மணற்பாறைகளும் வற்றிப்போன எண்ணெய் வயல்களும் இதற்கு ஏற்றவை.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இந்த வேலைக்கே நிறைய வெப்பமும் மின்சாரமும் செலவாகும். மின்நிலையம் தான் உற்பத்தி செய்வதில் கணிசமான பங்கைத் தன் புகையைச் சுத்தம் செய்யவே செலவிட வேண்டியிருக்கும். இரண்டாவது, வாயு எவ்வளவு நீர்த்துப்போய் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பது கடினம். நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம்தான். காற்றிலிருந்தே நேரடியாகப் பிடிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்கா நிலையத்தின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். 2024இல் அதன் அருகே தொடங்கிய மம்மத் நிலையத்தின் திறன் 36,000 டன். உலகம் எரிசக்திக்காக வெளியேற்றும் கரியமில வாயு ஆண்டுக்கு 3,700 கோடி டன் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கால் நூற்றாண்டு அனுபவம் என்ன சொல்கிறது?

இது ஏட்டில் மட்டும் உள்ள தொழில்நுட்பம் அல்ல. நார்வே நாட்டின் வட கடல் பகுதியில் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வரை கரியமில வாயு கடலடிப் பாறையில் செலுத்தப்பட்டு வருகிறது. நார்வே அரசு 1991இல் கார்பன் வரி விதித்ததால், வாயுவைக் காற்றில் விடுவதைவிடப் புதைப்பது அந்த நிறுவனத்துக்கு லாபமாக இருந்தது. சரியான பாறையும் சரியான சட்டமும் இருந்தால் இது நடக்கும் என்பதற்கு ஸ்லைப்னர் சான்று.

அதே நேரத்தில் ஏமாற்றங்களும் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பவுண்டரி டாம் அனல் மின்நிலையத்தில் 2014இல் தொடங்கிய திட்டம், 90 சதவீத வாயுவைப் பிடிக்கும் என்ற இலக்கைத் தொடர்ந்து எட்ட முடியவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் 2017இல் தொடங்கிய பெட்ரா நோவா திட்டம், எண்ணெய் விலை சரிந்த 2020இல் நிறுத்தப்பட்டு 2023இல்தான் மீண்டும் இயங்கியது. ஆஸ்திரேலியாவின் கார்கன் எரிவாயுத் திட்டம் 2019இல் புதைக்கத் தொடங்கியது. அதுவும் ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை என்ற திட்ட அளவை எட்டவில்லை.

எண்ணெய் விலைக்கும் கார்பன் பிடிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இதுவரை உலகில் பிடிக்கப்பட்ட கரியமில வாயுவின் பெரும்பகுதி, பழைய எண்ணெய் வயல்களில் செலுத்தப்பட்டு, அங்கே மிச்சமிருக்கும் எண்ணெயை மேலே தள்ளவே பயன்பட்டிருக்கிறது. வாயு கீழே தங்குகிறது, உண்மைதான். ஆனால் அதனால் மேலே வரும் எண்ணெய் எரிக்கப்படுகிறது. பெட்ரா நோவாவின் வாயுவும் அப்படித்தான் பயன்பட்டது. எண்ணெய் விலை இறங்கியதும் வாயுவைப் பிடிப்பதில் லாபம் இல்லாமல் போனது.

வளைகுடாவிலும் இத்தகைய திட்டங்கள் உள்ளன. சவூதி அரேபியாவின் உத்மானியா வயலில் 2015 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் டன் அளவில் வாயு செலுத்தும் திட்டம் நடக்கிறது. அபுதாபியில் 2016இல் தொடங்கிய அல் ரியாதா திட்டம், எஃகு ஆலையிலிருந்து ஆண்டுக்கு 8 லட்சம் டன் வரை பிடித்து எண்ணெய் வயல்களுக்கு அனுப்பும் வகையில் அமைக்கப்பட்டது. இரண்டுமே எண்ணெய் எடுப்பை அதிகரிக்கும் முறையைச் சார்ந்தவை.

நம் தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தூத்துக்குடியில் உள்ள ஒரு ரசாயன ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்து சோடா உப்பு தயாரிக்கும் ஏற்பாடு 2016இல் நிறுவப்பட்டு உலக அளவில் செய்தியானது. இது புதைப்பதல்ல, பயன்படுத்துவது. சோடா உப்பைக் கண்ணாடி உருக்கப் பயன்படுத்தும்போது அதிலுள்ள கரியமில வாயு மீண்டும் காற்றில் கலந்துவிடும். எனவே பிடித்ததைப் பயன்படுத்துவதும் நிரந்தரமாகப் புதைப்பதும் ஒன்றல்ல.

பாதுகாப்பும் ஒரு கேள்விதான். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே, கனமழைக்குப் பின் நிலம் சரிந்து கரியமில வாயுக் குழாய் வெடித்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான பகுதியில் தேங்கியது. ஊரே வெளியேற்றப்பட்டது. 45 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். கார்கள் கூட ஓடாமல் நின்றன. எரிபொருள் எரிய ஆக்சிஜன் வேண்டுமே!

ஓர் அடைமொழியின் அரசியல்

இனி மாநாட்டு மண்டபத்துக்கு வருவோம். அங்கே மூன்று சொற்களை அடிக்கடி கேட்கலாம்.

1. படிப்படியாக ஒழித்தல்: ஒரு கட்டத்தில் பயன்பாடு பூஜ்யத்துக்கு அருகே வந்துவிட வேண்டும்.

2. படிப்படியாகக் குறைத்தல்: குறைந்தால் போதும். எவ்வளவு என்ற கணக்கு இல்லை.

3. தணிக்கப்படாத: இது ஓர் அடைமொழி. 'தணிக்கப்படாத நிலக்கரி' என்றால், புகையைப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாமல் எரிக்கப்படும் நிலக்கரி என்று பொருள்.

மூன்றாவது சொல்தான் முக்கியமான கதவு. 'நிலக்கரியைக் கைவிடுவோம்' என்பதும் 'தணிக்கப்படாத நிலக்கரியைக் கைவிடுவோம்' என்பதும் வேறு வேறு. இரண்டாவது வாக்கியத்தின்படி, பிடிக்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டால் எரிப்பதைத் தொடரலாம். எவ்வளவு பிடித்தால் 'தணிக்கப்பட்டது' ஆகும்? மாநாட்டுத் தீர்மானங்களில் இதற்கு விளக்கம் இல்லை. ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தனது 2022ஆம் ஆண்டு அறிக்கையின் ஓர் அடிக்குறிப்பில், மின்நிலையத்தில் 90 சதவீதமோ அதற்கு மேலோ பிடித்தால்தான் அந்த உமிழ்வு கணிசமாகக் குறைக்கப்பட்டதாகக் கருதலாம் என்று எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆனால் அது நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல.

கிளாஸ்கோவிலிருந்து துபாய் வரை

2021இல் பிரிட்டனின் கிளாஸ்கோ நகரில் நடந்த மாநாட்டில்தான் முதன்முறையாக நிலக்கரி என்ற சொல் இறுதித் தீர்மானத்தில் இடம்பெற்றது. தணிக்கப்படாத நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ஒழிப்பது என்று வரைவு இருந்தது. கடைசி நேரத்தில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து, 'ஒழித்தல்' என்பதைக் 'குறைத்தல்' என்று மாற்றக் கோரினார். மாற்றப்பட்டது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா அவையிடம் மன்னிப்புக் கேட்டுக் கண் கலங்கியதை உலகமே பார்த்தது.

இந்தியாவின் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் அமெரிக்கர் ஏறத்தாழ 14 டன்னுக்குக் காரணமாகிறார். இந்தியாவின் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஏழை நாடுகளின் எரிபொருளான நிலக்கரியை மட்டும் குறிவைத்து, பணக்கார நாடுகளின் எண்ணெயையும் எரிவாயுவையும் ஏன் தொடாமல் விடுகிறீர்கள் என்பதே இந்தியாவின் கேள்வி. 2022இல் எகிப்தின் ஷர்ம் அல் ஷேக் மாநாட்டில், எல்லாப் புதைபடிவ எரிபொருள்களையும் படிப்படியாகக் குறைப்போம் என்று இந்தியாவே முன்மொழிந்தது. 80 நாடுகள் அளவுக்கு ஆதரித்தும் அது தீர்மானத்தில் இடம்பெறவில்லை.

அதே ஷர்ம் அல் ஷேக்கில் வேறொரு முன்னேற்றம் நடந்தது. அந்த ஆண்டு பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். உலகின் மொத்த உமிழ்வில் 1 சதவீதம் கூட வெளியிடாத நாடு அது. வளரும் நாடுகளின் குழுவுக்கு அப்போது தலைமை வகித்த பாகிஸ்தான், இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதியம் வேண்டும் என்று வலியுறுத்தி வெற்றி பெற்றது.

பிறகு துபாய். அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனமான அட்னாக்கின் தலைவரே மாநாட்டுக்கும் தலைவரானது தொடக்கத்திலிருந்தே சர்ச்சையானது. மறுபக்கம், மஸ்தர் என்ற புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனத்தைத் தொடக்கத்திலிருந்து வளர்த்தவரும் அவர்தான் என்று ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டினர்.

மாநாட்டின் நடுவே, டிசம்பர் 6 தேதியிட்ட கடிதம் ஒன்று வெளியே கசிந்தது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் பொதுச்செயலாளர் ஹைதம் அல் கைஸ் உறுப்பு நாடுகளுக்கு எழுதியது. உமிழ்வைக் குறைப்பதற்குப் பதிலாக எரிபொருளையே குறிவைக்கும் எந்த வாசகத்தையும் நிராகரியுங்கள் என்பதே அதன் சாரம். சவூதி எரிசக்தி அமைச்சர் இளவரசர் அப்துல் அஜீஸ் பின் சல்மானும், எரிபொருளைக் குறைக்கும் வாசகத்துக்கு ஒருபோதும் சம்மதிக்க மாட்டோம் என்று ஒரு பேட்டியில் கூறினார்.

டிசம்பர் 11இல் வந்த வரைவில் 'ஒழித்தல்' என்ற சொல் இல்லை. நாடுகள் செய்யக்கூடியவை என ஒரு பட்டியல் மட்டுமே இருந்தது. எங்கள் மரணச் சான்றிதழில் நாங்களே கையெழுத்திட மாட்டோம் என்று சமோவா அமைச்சர் செட்ரிக் ஷூஸ்டர் சொன்னார். 100க்கும் மேற்பட்ட நாடுகள் வலுவான வாசகம் கேட்டன. அதற்குப் பிறகே இறுதி வாசகம் உருவானது.

அந்தத் தீர்மானத்தின் 28ஆவது பத்தியின் முக்கிய அம்சங்கள்:

• 2030க்குள் உலகின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திறனை மூன்று மடங்காக்குவது. எரிசக்திச் சிக்கன முன்னேற்றத்தின் வேகத்தை இரு மடங்காக்குவது.

• தணிக்கப்படாத நிலக்கரி மின்சாரத்தைக் குறைப்பதை விரைவுபடுத்துவது.

• எரிசக்தி அமைப்புகளில் புதைபடிவ எரிபொருள்களை விட்டு நியாயமாகவும் ஒழுங்காகவும் சமத்துவமாகவும் விலகிச் செல்வது. 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை அடைவது.

• கார்பன் பிடிப்பு, அணுசக்தி, ஹைட்ரஜன் போன்ற தொழில்நுட்பங்களை விரைவுபடுத்துவது. குறிப்பாக, உமிழ்வைக் குறைக்கக் கடினமான துறைகளில்.

அடுத்த பத்தி, 'இடைக்கால எரிபொருள்கள்' உதவக்கூடும் என்கிறது. இது எரிவாயுவையே குறிக்கிறது என்று பலரும் புரிந்துகொண்டனர்.

முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக எல்லாப் புதைபடிவ எரிபொருள்களையும் விட்டு விலகுவது பற்றித் தீர்மானம் பேசியது. இதுவே சாதனை. 'ஒழித்தல்' இல்லை, 'எரிசக்தி அமைப்புகளில்' என்ற எல்லை உண்டு, கார்பன் பிடிப்பும் எரிவாயுவும் பக்கத்திலேயே இடம்பெற்றன. இவையே தீவு நாடுகள் சுட்டிய ஓட்டைகள்.

இரு தரப்பின் வாதங்கள்

எண்ணெய் நாடுகள் சொல்வது இதுதான்: நம் எதிரி உமிழ்வுதான், எரிபொருள் அல்ல. உலகில் இன்னும் கோடிக்கணக்கானோருக்கு மின்சாரமே இல்லை. உரம், பிளாஸ்டிக், மருந்து, விமானப் பயணம் என எல்லாவற்றிலும் எண்ணெய் இருக்கிறது. தேவை இருக்கும்போது உற்பத்தியை மட்டும் நிறுத்தினால் விலை ஏறி ஏழைகளே துன்பப்படுவார்கள். சவூதி அரேபியா 2060க்குள்ளும் அமீரகம் 2050க்குள்ளும் நிகர பூஜ்யத்தை அடைவதாக அறிவித்திருக்கின்றன. 2035க்குள் ஆண்டுக்கு 4.4 கோடி டன் பிடிப்பதாகச் சவூதியும், 2030க்குள் ஆண்டுக்கு 1 கோடி டன் பிடிப்பதாக அட்னாக்கும் இலக்கு வைத்துள்ளன.

மறுதரப்பு கணக்கை முன்வைக்கிறது. 2023இல் உலகம் முழுவதும் இருந்த கார்பன் பிடிப்பு நிலையங்களின் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 கோடி டன். எரிசக்தித் துறையின் உமிழ்வு 3,700 கோடி டன். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல்.

சர்வதேச எரிசக்தி முகமை துபாய் மாநாட்டுக்குச் சில நாட்களுக்கு முன் வெளியிட்ட அறிக்கை இன்னொரு கணக்கைச் சொன்னது. எண்ணெய், எரிவாயுப் பயன்பாடு இன்றைய கொள்கைகளின்படியே தொடர்ந்து, வெப்ப உயர்வும் 1.5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால், 2050இல் ஆண்டுக்கு 3,200 கோடி டன் பிடிக்க வேண்டியிருக்கும். அதில் 2,300 கோடி டன் காற்றிலிருந்தே நேரடியாகப் பிடிக்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் மின்சாரம், 2022இல் முழு உலகமும் பயன்படுத்திய மின்சாரத்தைவிட அதிகம்!

இன்னொரு நுட்பமான செய்தியும் உண்டு. எண்ணெய் நிறுவனம் பிடிப்பதாகச் சொல்வது பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு எடுக்கும்போதும் சுத்திகரிக்கும்போதும் வரும் வாயுவை. ஆனால் ஒரு பீப்பாய் எண்ணெயின் உமிழ்வில் பெரும்பகுதி, அதை வாங்கியவர் வண்டியிலும் விமானத்திலும் எரிக்கும்போதே வருகிறது. நம் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் அமைன் கரைசலைப் பொருத்த முடியாது.

அறிவியல் குழு என்ன சொல்கிறது?

ஐ.பி.சி.சி. இரு தரப்பின் முழக்கத்தையும் அப்படியே ஏற்கவில்லை. 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதைகளில், 2050இல் நிலக்கரிப் பயன்பாடு 2019ஐ விட 95 சதவீதமும், எண்ணெய் 60 சதவீதமும், எரிவாயு 45 சதவீதமும் குறைய வேண்டும் என்று அதன் 2022 அறிக்கை மதிப்பிட்டது. கார்பன் பிடிப்பே இல்லாவிட்டால் நிலக்கரி 100 சதவீதமும் எரிவாயு 70 சதவீதமும் குறைய வேண்டும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, கார்பன் பிடிப்பு இருந்தாலும் மூன்று எரிபொருள்களும் பெருமளவு குறைந்தே ஆக வேண்டும். மற்றொன்று, கார்பன் பிடிப்புக்கும் ஓர் இடம் உண்டு.

அந்த இடம் எது? சிமெண்ட் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சிமெண்ட் தயாரிக்கச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, எரிபொருள் எதுவாக இருந்தாலும் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறும். சூரிய மின்சாரத்தால் இதைத் தடுக்க முடியாது. நார்வேயின் பிரெவிக் சிமெண்ட் ஆலையில் 2025இல் தொடங்கிய திட்டம், ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது அந்த ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழ பாதியைப் பிடித்துக் கடலடியில் புதைக்கும் வகையில் அமைந்துள்ளது. ஆனால் மின்சாரத்தில் நிலைமை வேறு. 2010 முதல் 2019 வரை சூரிய மின்சக்தியின் செலவு 85 சதவீதம் குறைந்தது. மலிவான மாற்று இருக்கும் இடத்தில் விலையுயர்ந்த பிடிப்பைக் காரணம் காட்டிப் புதிய அனல் மின்நிலையம் கட்டுவது வேறு, மாற்றே இல்லாத இடத்தில் பிடிப்பைப் பயன்படுத்துவது வேறு.

துபாய்க்குப் பின்

2024இல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டில், எரிபொருள் உள்ளிட்ட எந்தவொரு துறையையும் குறிவைக்கும் வாசகத்தை ஏற்க மாட்டோம் என்று அரபுக் குழுமத்தின் சார்பில் சவூதி பிரதிநிதி அறிவித்தார். வளரும் நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற நிதி இலக்கு முடிவானது. துபாய் வாசகத்தை முன்னெடுத்துச் செல்லும் முடிவு எதுவும் வரவில்லை. அந்த 2024தான், உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் சென்ற முதல் ஆண்டு.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில், எரிபொருளிலிருந்து விலகுவதற்குக் கால அட்டவணையுடன் ஒரு வழித்திட்டம் வேண்டும் என்று 80க்கும் மேற்பட்ட நாடுகள் கோரின. இறுதித் தீர்மானத்தில் அது இடம்பெறவில்லை. ஐ.நா. தீர்மானத்துக்கு வெளியே அந்த வழித்திட்டத்தைத் தயாரிக்கப்போவதாக மாநாட்டுத் தலைமை அறிவித்தது. கொலம்பியாவும் நெதர்லாந்தும் இதற்கென்றே தனி மாநாடு கூட்டுவதாக அறிவித்தன.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்த விவாதத்தில் முஸ்லிம் நாடுகள் ஒரே பக்கம் இல்லை. சவூதி, குவைத், ஈராக் ஒரு பக்கம். மாலத்தீவும் பங்களாதேஷும் மறுபக்கம். 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் வெளியிட்ட காலநிலைப் பிரகடனம், வசதி படைத்த நாடுகளும் எண்ணெய் உற்பத்தி நாடுகளும் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தங்கள் உமிழ்வை ஒழிப்பதில் முன்னின்று வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. துபாய் தீர்மானத்துக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணெய் நாடுகளைக் குறிப்பிட்டுச் சொன்ன குரல் அது.

நம் குடும்பங்களின் நிலையும் இரு பக்கத்திலும் இருக்கிறது. வளைகுடா வேலை, அங்கிருந்து வரும் பணத்தால் எழும்பிய வீடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்குப் பின்னால் எண்ணெய்ப் பொருளாதாரம் உண்டு. அதே பணத்தில் கட்டிய வீடுகள் பல கடலோர ஊர்களில்தான் நிற்கின்றன. தீர்மானத்தில் உள்ள 'நியாயமாக' என்ற சொல் வெறும் அலங்காரம் அல்ல. எண்ணெயை நம்பி வாழும் தொழிலாளிக்கு மாற்று வழி இல்லாமல் மாற்றம் நடந்தால் அது நியாயமாகாது. மாற்றத்தைத் தள்ளிப்போட்டு, எந்தத் தவறும் செய்யாத கடலோர மக்கள் மீது சுமையை ஏற்றினாலும் அது நியாயமாகாது.

இனி இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது ஐந்து கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

1. சொல்லப்படும் எண் திட்டமிட்ட அளவா, உண்மையில் பிடித்த அளவா?

2. பிடிப்பது எடுக்கும்போது வரும் வாயுவையா, எரிக்கும்போது வரும் வாயுவையா?

3. பிடித்த வாயு புதைக்கப்படுகிறதா, மேலும் எண்ணெய் எடுக்கப் பயன்படுகிறதா?

4. அந்தத் துறைக்கு வேறு மலிவான வழி இருக்கிறதா?

5. தீர்மானத்தில் உள்ளது 'ஒழித்தல்', 'குறைத்தல்', 'விலகிச் செல்லல்' இவற்றில் எது? அதற்கு முன்னால் 'தணிக்கப்படாத' என்ற அடைமொழி இருக்கிறதா?

கார்பன் பிடிப்பு ஒரு மருந்து என்றால், அது சில நோய்களுக்கு மட்டுமான மருந்து. மருந்து கையில் இருக்கிறது என்று சொல்லி நோயை வளர்த்துக்கொள்வதை எந்த மருத்துவரும் ஏற்க மாட்டார். அந்த மருந்தே வேண்டாம் என்று வீசிவிடுவதும் அறிவுடைமை ஆகாது. எங்கே, எவ்வளவு, எதுவரை என்று அளந்து சொல்லும் தீர்மானம் இன்னும் எழுதப்படவில்லை. வரப்போகும் மாநாடுகளில் நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.